உடற்தகைமைச் சோதனையில் புள்ளி கூட்ட: திருகோணமலையில் இருந்து தயாராகிறவர்களுக்கு 12 கிழமைப் பயிற்சி

கடற்படை, விமானப்படை, இராணுவம், பொலிஸ் என்று எதற்கு விண்ணப்பித்தாலும், உடற்தகைமைச் சோதனையில் தவறிப்போகிறவர்கள் பெரும்பாலும் பலமில்லாதவர்கள் அல்லர். அழைப்புக் கடிதம் வந்த பிறகு மூன்று கிழமைக்குள் எல்லாவற்றையும் பிடிக்கப் பார்த்தவர்கள். இல்லாவிட்டால், நாள்தோறும் முழு வேகத்தில் ஓடி, நாள்தோறும் கை நடுங்கும்வரை புஷ்-அப் அடித்து, ஆறாம் கிழமையில் கணைக்கால் நோவோடு வீட்டில் இருந்தவர்கள். விண்ணப்பம் போட்ட அன்றே தொடங்கினால் அநேகமாக 12 கிழமை கிடைக்கும். அது போதும். ஆனால் அதில் பெரும்பகுதி மெதுவாக ஓடுவதில் போகவேண்டும். அந்த மெதுவைத்தான் யாரும் நம்புவதில்லை.

எந்தப் பயிற்சிக்கும் முன்னர் உங்கள் வர்த்தமானி அறிவித்தலையும் அழைப்புக் கடிதத்தையும் வரிவரியாக வாசியுங்கள். தூரம், நேரம், எண்ணிக்கை, உயரம், மார்புச் சுற்றளவு எல்லாம் படைக்குப் படை, பதவிக்குப் பதவி, ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபடும். போன வருடம் போன அண்ணா சொன்ன கணக்கை நம்பிப் பயிற்சி செய்யவேண்டாம். இங்கே 2.4 கிலோமீற்றர் ஓட்டம், ஒரு நிமிடப் புஷ்-அப், ஒரு நிமிடச் சிட்-அப், பாரில் தொங்கி நாடியை மேலே கொண்டுபோகும் புல்-அப் ஆகியவற்றை வைத்து எழுதுகிறோம். 2.4 கிலோமீற்றர் என்பது ஒன்றரை மைல். அமெரிக்க விமானப்படை வைத்தியர் கென்னத் கூப்பர் 1960களின் இறுதியில் உருவாக்கிய ஓட்டச் சோதனைகளுக்குப் பிறகு பல நாட்டுப் படைகளில் பரவிய தூரம் இது. உங்களுடையது வேறு தூரமாக இருந்தாலும் கணக்குப் போடும் முறை மாறாது.

நெஞ்சுவலி, ஓடும்போது மயக்கம், ஆஸ்துமா இருப்பவர்களும், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்தவர்களும் முதலில் வைத்தியரைப் பார்க்கவேண்டும். டெங்குக் காய்ச்சலில் இருந்து எழும்பியவர்கள் வைத்தியர் சரி சொல்லும்வரை ஓடக்கூடாது.

முதல் நாள்: இருப்பதை அளப்பது

ஒரு நண்பரையும் ஸ்டொப்வோச்சையும் கூட்டிக்கொண்டு, சோதனை நடக்கும் அதே ஒழுங்கில் எல்லாவற்றையும் ஒருமுறை செய்து கொப்பியில் எழுதுங்கள். நண்பரின் வேலை உற்சாகப்படுத்துவது அல்ல. அரைகுறையாகச் செய்ததை எண்ணாமல் விடுவது. 35 புஷ்-அப் அடிப்பேன் என்று நினைத்திருந்தவருக்கு இந்தக் கணக்கில் 22 வரலாம். அந்த 22தான் உண்மை. சோதனை மைதானத்திலும் அதுதான் எழுதப்படும்.

இதிலிருந்து இலக்கு வையுங்கள். 2.4 கிலோமீற்றரை 13 நிமிடத்தில் ஓடுகிறவர் 12 கிழமையில் 12 நிமிடத்தைக் குறிவைப்பது நியாயம். 10 நிமிடத்தைக் குறிவைத்தால் உடம்பு உடையும். எந்த அங்கத்தில் மிகவும் பின்தங்கியிருக்கிறீர்களோ அதற்குத்தான் அதிக நேரம் கொடுக்கவேண்டும். ஓட்டம் நன்றாக வருகிறவர் தினமும் ஓடிக்கொண்டே இருப்பதும், கைப்பலம் உள்ளவர் பாரை விட்டு இறங்காமல் இருப்பதும் சந்தோஷமான வேலைகள்தான், ஆனால் புள்ளி அங்கே இல்லை. ஒரு அங்கத்தில் குறைந்தபட்சத்தைத் தொடாவிட்டால் மற்றதில் எவ்வளவு எடுத்தாலும் வெளியே அனுப்பிவிடக்கூடிய சோதனைகள் உண்டு.

எங்கே ஓடுவது, எப்போது ஓடுவது

வேகப் பயிற்சிக்கு மட்டமான, அளந்த தரை வேண்டும். மக்கெய்சர் மைதானம் போன்ற இடத்தில் ஓடும்போது, கோடு போட்ட 400 மீற்றர்ப் பாதை இல்லாவிட்டால் 50 மீற்றர் அளவு நாடாவால் ஒருமுறை சுற்றை அளந்து கல்லோ கம்போ வைத்துவிடுங்கள். கைபேசிச் செயலி சிறிய சுற்றில் மூலைகளை வெட்டிக் கணக்கிடும். 2.4 கிலோமீற்றரில் அது நூறு மீற்றர் பிழைத்தால் அரை நிமிடம் பிழைக்கும்.

உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரை மணல் அழகாக இருக்கிறது என்று முழுப் பயிற்சியையும் அங்கே வைக்கவேண்டாம். இளகிய மணலில் குதி புதைந்து கெண்டைக்கால் தசைநார் இழுபடும், வேகமும் கணக்குக்கு வராது. நீரோரத்து இறுகிய மணல் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரே பக்கமாக ஓடினால் ஒரு கால் எப்போதும் தாழ்ந்து நிற்பதால் இடுப்பும் முழங்காலின் வெளிப்பக்கமும் நோகும். கிழமையில் ஒரு நாள் 20 நிமிடம், போன தூரமே திரும்பி வருவதாக இருந்தால் நல்லது. ஏற்றப் பயிற்சிக்கு உவர்மலை வீதிகள் போதும். கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வீதியும் நல்ல ஏற்றம்தான், ஆனால் அது அடியார்கள் நடக்கும் வழி, இராணுவ முகாமும் உள்ளே இருக்கிறது, மான்களும் குறுக்கே வரும். அங்கே நடந்து ஏறுங்கள், வேக ஓட்டத்தை வேறிடத்தில் வையுங்கள்.

காலை 5.15க்குத் தொடங்கி 6.30க்குள் முடியுங்கள். இல்லாவிட்டால் பின்னேரம் 5.30க்குப் பிறகு. வைகாசி தொடங்கி ஆவணிவரை வீசும் கச்சான் காற்று தரையில் இருந்து சூடாகவும் வறண்டும் வரும். வியர்வையை உடனேயே உலர்த்திவிடுவதால் எவ்வளவு நீர் போனது என்று தெரியாது. ஓடுவதற்கு முன்னும் பின்னும் ஒரே உடுப்பில் நிறுத்துப் பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் போயிருக்கிறது. கார்த்திகை, மார்கழி மழையில் மைதானம் சேறாகும். அப்போது தார் வீதியில் மெதுவான ஓட்டத்தை மட்டும் வையுங்கள். இருட்டில் ஓடுகிறவர்கள் வெளிர்நிறச் சட்டை போட்டு, வாகனங்களுக்கு எதிர்முகமாக ஓடவேண்டும். பெண்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஓடுவது பாதுகாப்பும், விடியப்புறம் எழும்புவதற்கு ஒரு பிடியும்.

ஓட்டம்

முதல் நான்கு கிழமை வேகம் என்ற பேச்சே வேண்டாம். கிழமையில் நான்கு நாள், 20 நிமிடத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி, பக்கத்தில் ஓடுபவரோடு முழு வசனமாகப் பேசக்கூடிய வேகத்தில் ஓடுங்கள். பேச்சு உடைந்தால் வேகம் கூடிவிட்டது. தொடர்ந்து ஓட முடியாதவர் 3 நிமிடம் ஓடி 1 நிமிடம் நடந்து, நடையைப் படிப்படியாகக் குறைக்கலாம். இந்த மெதுவான ஓட்டத்தில்தான் இதயம் ஒரு துடிப்பில் அனுப்பும் இரத்தம் கூடுகிறது, தசைக்குள் நுண்குழாய்கள் பெருகுகின்றன. எலும்பும் தசைநாரும் தசையை விட மிக மெதுவாகப் பலப்படுகின்றன. மூச்சு சரியாகிவிட்டது என்று மூன்றாம் கிழமையில் வேகத்தை இரட்டிப்பாக்குகிறவருக்கு அதனால்தான் கணைக்கால் எலும்பின் உள்விளிம்பு நோகத் தொடங்குகிறது. கிழமைக்குக் கிழமை மொத்த நேரத்தைப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டவேண்டாம். விரலால் தொட்டால் எலும்பில் ஒரே புள்ளியில் குத்தும் நோவு, இரவில் படுத்திருக்கும்போதும் வரும் நோவு என்றால் அது எலும்பில் மயிர்வெடிப்பாக இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்தி வைத்தியரிடம் போங்கள்.

ஐந்தாம் கிழமையில் இருந்து இரண்டு மெதுவான நாட்களை வைத்துக்கொண்டு, ஒரு நாள் இடைவெளி ஓட்டம் (துண்டு துண்டாக ஓடி, இடையில் நடந்து ஓய்வெடுப்பது), ஒரு நாள் 15 முதல் 20 நிமிடம் கொஞ்சம் கடினமான, ஒன்றிரண்டு சொல் மட்டுமே பேசக்கூடிய சீரான ஓட்டம்.

இடைவெளி ஓட்டத்தின் கணக்கு இலகுவானது. 2.4 கிலோமீற்றர் என்பது 400 மீற்றரில் சரியாக ஆறு சுற்று. 12 நிமிட இலக்கு என்றால் சுற்றுக்கு 2 நிமிடம், 200 மீற்றருக்கு 60 செக்கன். 10 நிமிடம் 30 செக்கன் என்றால் சுற்றுக்கு 1 நிமிடம் 45 செக்கன். 10 நிமிட மெதுவோட்டத்தில் உடம்பைச் சூடாக்கிய பிறகு:

5ஆம் கிழமை: 400 மீற்றர் ஆறு தடவை, இடையில் 2 நிமிட நடை
6ஆம் கிழமை: அதே ஆறு, இடையில் 90 செக்கன்
7ஆம் கிழமை: 600 மீற்றர் நான்கு தடவை, இடையில் 2 நிமிடம்
8ஆம் கிழமை: இலேசான கிழமை, 400 மீற்றர் நான்கு மட்டும்
9ஆம் கிழமை: 800 மீற்றர் மூன்று தடவை, இடையில் 2 நிமிடம்
10ஆம் கிழமை: 1200 மீற்றர் இரண்டு தடவை, இடையில் 3 நிமிடம்
11ஆம் கிழமை: முழுச் சோதனை ஒத்திகை

எல்லாமே இலக்கு வேகத்தில். 12 நிமிடக்காரர் முதல் 400ஐ 1 நிமிடம் 35 செக்கனில் ஓடிக் காட்டுவதில் எந்தப் பயனும் இல்லை. பயிற்சி கடினமாவது வேகம் கூடுவதால் அல்ல, ஓய்வு குறைவதாலும் துண்டு நீளுவதாலும்தான். கடைசித் துண்டு முதலாவதை விட 3 செக்கனுக்கு மேல் மெதுவானால் நீங்கள் வைத்த இலக்கு இன்னும் உங்களுடையதல்ல. இரண்டு கிழமைக்கு அதைச் சுற்றுக்கு 3 செக்கன் தளர்த்துங்கள்.

சோதனையில் நேரம் போவது பெரும்பாலும் முதல் சுற்றில். விசில் அடித்ததும் எல்லோரும் பாய்வார்கள், நீங்களும் பாய்வீர்கள், 2 நிமிடச் சுற்று 1 நிமிடம் 40இல் முடியும். அந்த 20 செக்கன் இலாபம் மூன்றாம் நான்காம் சுற்றில் இரட்டிப்பாகப் பறிபோகும். ஏனென்றால் ஒட்சிசன் எட்டாத வேகத்தில் தசைக்குள் சேர்ந்த கழிவு, வேகத்தைக் குறைக்காமல் இறங்காது. ஒத்திகையில் ஒவ்வொரு முறையும் முதல் சுற்றை இலக்கு நேரத்திலோ 2 செக்கன் பிந்தியோ முடிக்கப் பழகுங்கள். ஐந்து சுற்று ஒரே அளவு, ஆறாவதில் மிச்சமிருப்பதைக் கொட்டுங்கள். காற்றடிக்கும் நாளில் எதிர்க்காற்றுப் பக்கத்தில் ஒருவரின் பின்னால் ஒதுங்கி ஓடுவது புத்திசாலித்தனம்.

புஷ்-அப்

உள்ளங்கை தோளுக்குக் கீழே, தோளை விடச் சற்று அகலமாக. முழங்கை உடம்புக்கு 45 பாகை. தலை, முதுகு, குதி ஒரே கோடு. இறங்கும்போது மேற்கை தரைக்குச் சமாந்தரமாக வரவேண்டும், ஏறும்போது முழங்கை முழுதாக நிமிரவேண்டும். எண்ணாமல் விடப்படுபவை பெரும்பாலும் இந்த இரண்டு முனைகளில்தான்: பாதி இறக்கம், பாதி நிமிர்வு. அடுத்தது நாரி தொங்குவது. கை ஓய்வதற்கு முன்னர் வயிறு ஓய்ந்துவிட்டதற்கு அது அடையாளம், ஆகவே அதற்கு மருந்து புஷ்-அப் அல்ல, பிளாங்க் (முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பை நேராகப் பிடித்திருப்பது).

கூட்டும் முறை: சுத்தமாகச் செய்யக்கூடிய உச்ச எண்ணிக்கையில் பாதியை எடுத்து, 90 செக்கன் இடைவெளியில் ஐந்து செட். 22 உச்சம் என்றால் 11 வீதம் ஐந்து, மொத்தம் 55. கிழமையில் மூன்று நாள். ஒவ்வொரு கிழமையும் செட்டுக்கு ஒன்று கூட்டி, மூன்று கிழமைக்கு ஒருமுறை உச்சத்தை மீண்டும் அளந்து புதிய பாதியை எடுங்கள். கை விழும்வரை அடிப்பதை அந்த அளக்கும் நாளுக்கு மட்டும் வையுங்கள். விழும்வரை அடித்த தசைக்கு இரண்டு மூன்று நாள் ஓய்வு தேவைப்படும், அதற்குள் இரண்டு நல்ல பயிற்சி நாள் கைவிட்டுப் போகும். ஒன்றுகூட வராதவர்கள் சுவரில் தொடங்கி, பிறகு மேசை விளிம்பு, பிறகு படிக்கட்டு என்று கையின் உயரத்தை இறக்கிக்கொண்டு வாருங்கள். முழங்காலை ஊன்றிச் செய்வதை விட இது வேகமாகத் தரைக்குக் கொண்டுவரும், ஏனென்றால் உடம்பு முதல் நாளில் இருந்தே நேர்கோட்டில் நிற்கப் பழகுகிறது.

ஒரு நிமிடச் சோதனைக்கு இறுதி நான்கு கிழமையில் வேகமும் பழகவேண்டும். 40 இலக்கு என்றால் ஒன்றுக்கு ஒன்றரை செக்கன். முதல் 30 செக்கனில் 22 அடித்துவிட்டு, மிச்சம் 18ஐ இரண்டாகப் பிரித்து, நடுவில் கை நிமிர்ந்த நிலையில் இரண்டு மூச்சு எடுங்கள். உங்கள் சோதனையில் அப்படி ஓய்வெடுக்க அனுமதி உண்டா என்று ஆரம்பத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சிட்-அப்

முழங்கால் 90 பாகை, பாதத்தை ஒருவர் பிடிப்பார். கையைத் தலைக்குப் பின்னால் கோர்க்கச் சொன்னால் விரல் காதோரம் தொட்டால் போதும். கழுத்தை இழுத்து எழும்பினால் இரண்டாம் நாள் தலை திரும்பாது. எழும்பும்போது மூச்சை வெளியே விடுங்கள். 30 செக்கனில் முடிந்தளவு, 60 செக்கன் ஓய்வு, நான்கு செட், கிழமையில் மூன்று நாள். அதோடு 45 செக்கன் பிளாங்க் மூன்று. சீமெந்துத் தரையில் வெறுமனே செய்தால் வால் எலும்புத் தோல் உரியும், பாயை இரண்டாக மடித்துப் போடுங்கள்.

புல்-அப்

ஆட்கள் பூச்சியத்தில் நிற்கும் அங்கம் இதுதான், ஆகவே இதற்கு முதல் கிழமையில் இருந்தே நாள் ஒதுக்குங்கள். ஓர் அங்குல ஜீ.ஐ. குழாய் கைப்பிடிக்குச் சரியாக இருக்கும். இரண்டு உறுதியான தூணில் பொருத்தி, ஏறித் தொங்குவதற்கு முன்னர் ஒருவரை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மரக்கிளை என்றால் வேம்பு, புளி பரவாயில்லை, முருங்கை வேண்டவே வேண்டாம்.

முதலில் 30 செக்கன் தொங்கிப் பழகுங்கள். அடுத்து, கையை மடக்காமல் தோள்பட்டையை மட்டும் கீழே இழுத்து விடுவது, 8 தடவை. பிறகு ஒரு வாங்கில் ஏறி நாடியைப் பாருக்கு மேலே வைத்து, 5 செக்கன் எடுத்து இறங்குவது, 5 தடவை வீதம் மூன்று செட். ஏறுவதை விட இறங்கும்போது தசை அதிக பாரத்தைத் தாங்கும், அதனால்தான் ஒன்றும் ஏற முடியாதவருக்கும் இது வழி திறக்கிறது. கிழமையில் மூன்று நாளுக்கு மேல் வேண்டாம், முழங்கையின் உட்பக்கம் நோகும்.

மூன்று நான்கு வரத் தொடங்கியதும் முறையை மாற்றுங்கள்: உச்சத்தில் பாதியை ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை, இடையில் ஒரு மணித்தியாலமாவது விட்டு. நான்கு உச்சம் என்றால் இரண்டு வீதம். களைப்பே தெரியாமல் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு சேரும். ஆட்டம் போட்டு, காலை உதைத்து ஏறுவதை அறவே தவிருங்கள். அந்தப் பழக்கம் சோதனை நாளில் தானாக வரும், எண்ணப்படாது.

சாப்பாடு, நீர், வெயில்

உடல் நிறையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் போதும். 60 கிலோ உள்ளவருக்கு 96 கிராம். முட்டை ஒன்றில் ஏறத்தாழ 6 கிராம், சமைத்த மீன் 100 கிராமில் 20க்கு மேல். காலை இரண்டு முட்டை, மத்தியானம் மீனும் பருப்பும், பின்னேரம் அவித்த கடலை, இரவு மீண்டும் மீன் என்றால் மாவு டின் வாங்கத் தேவையில்லை. சூடை, கீரி போன்ற சிறிய மீனே போதும். பெண்கள் இரும்புச்சத்தைக் கவனிக்கவேண்டும். மெதுவான ஓட்டத்திலேயே மூச்சு வாங்கி, நாள் முழுக்கச் சோர்வாக இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். சாப்பிட்ட உடனே தேத்தண்ணீர் குடித்தால் சாப்பாட்டில் உள்ள இரும்பு உடம்பில் குறைவாகவே சேரும், ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

வெப்பத்துக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் எடுக்கும். சோதனை பகலில் நடக்கும் என்றால், இறுதி மூன்று கிழமையில் இரண்டொரு மெதுவான ஓட்டத்தை காலை 8 மணியளவில் வையுங்கள். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு இளநீரோ ஜீவனியோ நல்லது. ஓடுகிறவர் தள்ளாடி, பேச்சுக் குழறி, சம்பந்தமில்லாமல் கதைத்தால் அது களைப்பு அல்ல, வெப்பத் தாக்கம். வியர்த்துக்கொண்டிருந்தாலும் அதுவேதான். நிழலுக்குக் கொண்டுபோய், அதே இடத்தில் தலை முதல் கால்வரை தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள், விசிறுங்கள், 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். முதலில் குளிர்த்துவது, பிறகு ஏற்றுவது. பயிற்சிக்கு மறுநாள் சிறுநீர் கோலா நிறத்தில் போய்த் தசை வீங்கியிருந்தால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். ஒரே நாளில் அளவுமீறி அடித்தவர்களுக்கு வரும் தசைச் சிதைவு சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

இறுதிக் கிழமையும் சோதனை நாளும்

12ஆம் கிழமையில் பயிற்சியைப் பாதியாக்குங்கள். சோதனைக்கு நான்கு நாள் முன்னர் 400 மீற்றர் மூன்று தடவை இலக்கு வேகத்தில், அதன் பிறகு 15 நிமிட மெதுவோட்டம் மட்டும். கடைசி நேரப் பயிற்சி பலம் சேர்க்காது, களைப்பை மட்டும் சேர்க்கும். புதுச் சப்பாத்து வேண்டாம், குறைந்தது மூன்று கிழமை ஓடிய சப்பாத்தைப் போடுங்கள். எடை கூட என்று பட்டினி கிடக்கவேண்டாம், அதற்கு 12 கிழமை இருந்தது.

சோதனைக்கு இரண்டரை மணித்தியாலம் முன்னர் பாணும் வாழைப்பழமும், அல்லது பால் குறைத்த சொதியோடு இடியப்பம். தேங்காய்ப்பூ நிறையப் போட்ட பிட்டும் பொரித்ததும் வயிற்றில் தங்கும். அரை லீற்றர் தண்ணீரை இரண்டு மணித்தியாலத்துக்கு முன்னர் குடித்து முடியுங்கள். கட்டளைகள் சிங்களத்தில் வரலாம். தொடங்கு, நிறுத்து, எண்கள் ஆகியவற்றை முன்கூட்டியே பழகாதவர் முதல் இரண்டு செக்கனை அங்கேயே விடுகிறார். வரிசையில் ஒரு மணித்தியாலம் நிற்க வைத்தால் உடம்பு குளிர்ந்துவிடும், உங்கள் முறைக்கு 10 நிமிடம் முன்னர் நின்ற இடத்திலேயே மெதுவாகத் துள்ளுங்கள்.

ஓடி முடித்ததும் உட்காராமல் ஐந்து நிமிடம் நடங்கள், சட்டென்று நின்றால் இரத்தம் காலில் தேங்கித் தலை சுற்றும். மருத்துவப் பரிசோதனை மறுநாளே என்றால் அன்று நிறையத் தண்ணீர் குடித்து, வேறு பயிற்சி எதுவும் செய்யாமல் இருங்கள். கடும் ஓட்டத்துக்குப் பிறகு ஓரிரு நாள் சிறுநீரில் புரதம் தென்படலாம். அப்படி வந்து கேள்வி எழுந்தால், முதல் நாள் ஓட்டச் சோதனை செய்ததை வைத்தியரிடம் சொல்லி, இரண்டு நாள் கழித்து மீண்டும் பரிசோதிக்க முடியுமா என்று கேளுங்கள்.